சாம்பல் எண்ணுகிறவள்

நூறு இலைகளில் அறுபத்தொன்று.

பிலோமினா மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை. பதினொரு வருடங்களாகத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று இலைகளைப் புரட்டுகிறவள். எண்ணிக்கை தவறாது. கழுத்துதான் இப்போதெல்லாம் காலையிலேயே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. மாவைத் தூவியதுபோல் வெளுத்திருந்த இலையை விரலால் தடவினாள். பூசணம் விரலில் ஒட்டியது. சாம்பல் நோய். போன வாரம் முப்பத்தெட்டு, அதற்கு முந்தின வாரம் பதினேழு. அந்த இரண்டு முறையும் எண்ணிக்கையை உத்தமபாளையத்தில் இருக்கும் கணிப்பு நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு முறையும் தோட்டக்காரரின் போனுக்கு ஒரே பதில்தான் வந்தது. மருந்து தேவையில்லை.

தோட்டக்காரர் மரியசூசை கல்தூண் ஒன்றில் சாய்ந்து நின்றிருந்தார். ராயப்பன்பட்டியில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. அறுபது வயதாகிறது. யாரிடமும் அவர் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை.

“எத்தன தாயி?”

“அறுவத்தொண்ணுண்ணே.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “வடக்கோரத்துல ரெண்டு கொடிய வெட்டி எறிஞ்சேன். அதுல இருந்துதேன் பரவுதோன்னு ஒரு நெனப்பு. அப்பயும் நிக்கல. கவாத்து வெட்டுன அன்னிக்கு கத்தியக் கழுவாம விட்டேன். அதுனால இருக்குமோ?”

“அப்டியெல்லாம் வராதுண்ணே.”

“அப்ப நா என்ன தப்புப் பண்ணேன்?”

பந்தலிலிருந்து தொங்கிய கொத்துகளை அவள் பார்த்தாள். பாதிக் காய்கள் சாம்பல் பூத்துத் தோல் வெடித்து, உள்ளே விதை தெரிந்தது. இனி மருந்து அடித்தாலும் இந்தக் காய் தேறாது. அவர் பார்வை தரையிலேயே இருந்தது.

கணிப்பு வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காய்ப்புக்குப் பதினெட்டு முறை மருந்து அடிப்பார்கள். பனி விழுந்தால் அடி, மேகம் கூடினால் அடி, பக்கத்துத் தோட்டத்துக்காரன் அடித்தால் நாமும் அடி. பிலோமினாவின் புருஷன் இருதயம் மருந்தடிப்பவன். முதுகில் டேங்க், வாய்க்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. நாற்பத்துநாலு வயதில் இருமி இருமிச் செத்தான். அவனோடு சேர்ந்து அடித்த ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் திராட்சை விவசாயிகள் சங்கம் கணிப்பைக் கொண்டுவந்தது. காற்றையும் ஈரத்தையும் வெயிலையும் அளக்கக் கருவிகள் நட்டார்கள். இலையில் இருப்பது சாம்பலா தூசியா என்று சொல்ல மட்டும் மனிதக் கண் வேண்டியிருந்தது. அதற்கு அவளைப்போல் சிலரை எடுத்தார்கள். பூசணம் எந்த நாளில் கண் விழிக்கும் என்று இயந்திரம் சொல்லும். அந்த நாளில் மருந்து கேனின் மூடி தானாகத் திறக்கும். மற்ற நாளில் சம்மட்டியால் அடித்தாலும் திறக்காது. பதினெட்டு முறை என்பது நான்காகக் குறைந்தது. இந்தப் பதினொரு வருடத்தில் நெஞ்சு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போன மருந்தடிப்பவர் ஒருவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான் பிலோமினா. ஆனாலும் கேள்வி கேட்காமல் அவள் நம்பியது கணிப்பை மட்டும்தான்.

“நா நேர்ல போயி கேட்டுட்டு வர்றேண்ணே.”

“வேணாம் தாயி. அவுகளுக்கு எதுக்குத் தொந்தரவு?” என்றார் மரியசூசை.

*

கணிப்பு நிலையம் என்றால் இரண்டு அறைகளும் ஒரு ஏசி இயந்திரமும்தான். பொறியாளர் நாவரசு தர்மபுரிக்காரன். ஐந்து வருடங்களாக இங்கே தனியாகத் தங்கியிருக்கிறான். அவள் போனபோது மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரியசூசையின் தோட்ட எண்ணைச் சொன்னதும் அவன் கை நின்றது.

“கணிப்பு தப்பாயிருச்சு தம்பி. அறுவத்தொரு இலையில சாம்பல். இன்னும் தேவையில்லைன்னு சொல்லுது.”

“தப்பில்லக்கா.”

“பின்ன?”

அவன் டிபன் பாக்ஸை மூடினான். “உக்காருங்க. உங்களுக்கு என்னைக்காவது தெரிய வரும்னு எனக்குத் தெரியும்.” டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தான். “எல்லாரும் சரியான நாள்ல மருந்து அடிச்சா என்ன ஆகும்?”

“நோய் வராது.”

“நோயே வரலைன்னா கணிப்பு சரியா தப்பான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது? பூசணம் வருசத்துக்கு வருசம் மாறுதுக்கா. போன வருசம் பன்னெண்டு நாள்ல பரவினது இந்த வருசம் ஏழே நாள்ல பரவும். எங்கேயாவது ஒரு தோட்டத்துல மருந்து படாம அது வளர்ந்தாத்தான் அதோட வேகம் தெரியும். ஆறாவது வருசம் அது தெரியாமப் போய், முந்நூறு ஏக்கர் அழிஞ்சுது. ஞாபகம் இருக்கா?”

அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“அதுக்கப்புறம் ஒவ்வொரு காய்ப்புக்கும் ஒரு தோட்டத்தை அப்படியே விட்டுடறோம். கண்ணுன்னு சொல்வோம். அந்த ஒரு கண்ணு திறந்திருந்தாத்தான் மத்த ஆயிரத்து நூறு தோட்டத்துக்கும் நாள் சொல்ல முடியும். உங்க எண்ணிக்கை வீணாப் போகல. மரியசூசை தோட்டத்துல நீங்க எண்ணினதை வச்சுத்தான் நேத்து கூடலூருக்கும் கம்பத்துக்கும் மூடி திறந்துச்சு.”

“அவருக்குச் சொன்னீகளா?”

“சொன்னா யாருக்கா விடுவாங்க? எப்படியாவது மருந்து வாங்கி அடிச்சிடுவாங்க. சங்கத்துலயே அஞ்சு பேருக்குத்தான் தெரியும்.”

பிலோமினா மேசைப் பக்கம் குனிந்தாள். “இதுக்கு முன்னால யார் யாரு?”

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். சுருளிப்பட்டி குருவம்மாள். அனுமந்தன்பட்டி பேச்சிமுத்து. உத்தமபாளையம் மீராக்கனி ராவுத்தர். இன்னும் சிலர். எல்லாத் தோட்டத்திலும் அவள் எண்ணியிருக்கிறாள். தனி ஆளாகத் தோட்டம் பார்த்த குருவம்மாள், போனில் வந்த சேதியைத் தான்தான் கவனிக்காமல் விட்டேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். பேச்சிமுத்து, பெண்டாட்டி தண்ணீர் பாய்ச்சியது சரியில்லை என்று அவளோடு பேச்சை நிறுத்தியவன், இன்றுவரை பேசவில்லை. ராவுத்தர் யாரோ செய்வினை வைத்துவிட்டதாக எண்ணிப் பக்கத்துத் தோட்டத்தாரோடு பகையாகிவிட்டார்.

பெயர்களை அவள் இன்னொரு முறை படித்தாள். “எல்லாம் வாயில்லாத ஆளுக.”

நாவரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அதை நான் எழுதலக்கா. ‘யாருக்கும் தொந்தரவு குறைவா இருக்கிற மாதிரி ஒரு தோட்டத்தை எடு’ன்னுதான் சொன்னோம். தொந்தரவை அது எப்படி அளக்கும்? குறை சொல்ற எண்ணுக்கு யார் எத்தனை தடவை கூப்பிடறாங்கன்னு எண்ணியிருக்கு. ஒரு தடவைகூடக் கூப்பிடாதவங்களை எடுத்துக்குது. எனக்கே மூணாவது வருசம்தான் புரிஞ்சுது.”

“புரிஞ்சும் விட்டுட்டீக.”

அவன் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “இப்ப ஒரு பட்டனை அழுத்தினா அவர் கேன் திறக்கும். அழுத்தட்டுமா? அழுத்தினா எட்டு நாள் கழிச்சு வர்ற அடுத்த அலைக்கு எனக்குக் கண்ணு இருக்காது. பயத்துல எல்லா மூடியையும் திறந்து விடணும். வாரத்துக்கு ரெண்டு தடவை அடிப்பாங்க. நீங்க சொல்லுங்க, செய்யறேன்.”

எழுநூறு பேர் மருந்தடிக்கிறார்கள். பிலோமினாவுக்கு வேண்டாமென்றாலும் கணக்கு மனதில் ஓடியது. வாய்க்கு ஒரு துண்டு கட்டிய எழுநூறு பேர். அவள் எழுந்து, அழுத்தச் சொல்லாமலேயே பஸ் ஏறினாள்.

*

மறுநாள் காலை மரியசூசையின் வீட்டு முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மனைவி செபமாலை கொதித்தெழுவாள் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே நடந்தது.

“எங்க வயித்துல அடிச்சு ஊரு பொழைக்கணுமா? நீயும் கூட்டா பிலோமி? வாரா வாரம் வந்து நல்லா எண்ணுனியே! இனிமே அந்தப் பந்தலுக்குள்ள காலு வச்சுப் பாரு!”

“எனக்கும் நேத்துதேன் மதினி தெரியும்.”

“தெரிஞ்ச ஒடனே அந்தப் பட்டன அமுக்கச் சொல்லிருக்கணும்ல?”

மரியசூசை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ முணுமுணுத்தார்.

“என்னண்ணே?”

“அப்ப நா ஒண்ணும் தப்புப் பண்ணலையா?”

“இல்லண்ணே. ஒண்ணுமே பண்ணல.”

“கத்தி?”

“கத்தியுமில்ல.”

அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று செபமாலை பக்கத்தில் போனாள். போனபிறகுதான் தெரிந்தது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. “ஒரு மாசமா டீக்கடப் பக்கம் போகலடி. முப்பது வருசம் வெவசாயம் பாத்தவன், கொடிய நாறடிச்சுட்டான்னு பேசுவாகளேன்னு…” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிலோமினாவைப் பார்த்தார். “இன்னும் எத்தன நாளு இப்டியே விடணும்?”

“எட்டு நாளு. வேணாம்னா இப்பவே தெறக்கச் சொல்றேன்.”

“காயி போச்சு. இனி தெறந்து என்னத்துக்கு? ஒழுங்கா எண்ணிட்டுப் போ தாயி. அதாவது பிரயோசனப்படட்டும்.”

செபமாலை விடவில்லை. “எண்ணட்டும். ஆனா சங்கத்துல எல்லாரு முன்னாலயும் இத நீ சொல்லணும். சொல்றேன்னு இந்த முத்தத்துல வச்சு சொல்லு.”

பிலோமினா சொன்னாள். வேலை போய்விடும் என்று அப்போது நினைத்தாள். அந்த நினைப்புகூட அவளுக்குப் பெரிய பயத்தைத் தரவில்லை. அசதிதான் இருந்தது.

*

வேலை போகவில்லை. சங்கக் கூட்டத்தில் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஒரு மணி நேரம் கூச்சல் நடந்தது. நாற்காலிகள் இரண்டு உடைந்தன. தலைவர் போஜராஜன் காமயகவுண்டன்பட்டிக்காரர், இருபது ஏக்கர் பந்தல் உள்ளவர். மைக்கைப் பிடித்தபடி “அமைதி, அமைதி” என்று சொல்லிக் களைத்துப்போனார். கணிப்பையே இழுத்து மூடு என்றார்கள். மூடினால் பதினெட்டு முறை அடிக்க வேண்டிவரும் என்று நாவரசு சொன்னான். உடனே கூட்டம் அடங்கியது. பின்வரிசையில் மருந்தடிப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யாரும் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“அப்ப கண்ணு வேணும். யாராச்சும் மனசார ஒரு தோட்டத்தக் குடுக்குறீகளா?” என்று தலைவர் கேட்டார்.

நானூறு பேர் இருந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் சீட்டுக் குலுக்குவதென்று முடிவாயிற்று. யார் பெயர் விழுந்தாலும் எல்லோருக்கும் அறிவித்துவிட வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பெட்டிப் பழம் கொடுத்து ஈடு செய்ய வேண்டும். கலையும்போது மரியசூசை எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் பேசினார்.

“அந்தத் தோட்டத்துல ஒரு பலகை வைங்கய்யா. இது சொல்லிவச்சு விட்டதுன்னு எழுதிப் போடுங்க. ரோட்டுல போறவுக பாத்துட்டு, தோட்டக்காரன் தத்தின்னு பேசக் கூடாது.”

அவ்வளவுதான் அவர் கேட்டது.

*

அடுத்த காய்ப்புக்குச் சீட்டு விழுந்தது தலைவர் போஜராஜனுக்கே. அவர் எழுந்து கும்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ரோட்டோரமாக இருந்த இரண்டு ஏக்கரில் பலகை நட்டார்.

பிலோமினா வாரம் இரண்டு முறை அங்கே போய் எண்ணினாள். ஐந்தாவது வாரத்திலும் சாம்பல் இல்லை. ஆறாவது வாரம் நூறு இலையைப் புரட்டியும் ஒன்றில்கூட இல்லை. இலைகளுக்கு அடியில் மெலிதாக ஒரு வாடை அடித்தது. அந்த வாடையைச் சட்டையில் சுமந்து வந்தவனோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவள் அவள். கந்தகம், சாம்பலுக்கு அடிக்கிற மருந்து. மலைக்கு அந்தப்புறமிருந்து கள்ளத்தனமாக மூட்டையில் வந்திருக்கும்.

“நம்ம பக்கம் காத்து சுத்தம்மா, அதுதேன்” என்றார் போஜராஜன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. நல்ல மனிதர்தான். தன் கொடி சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் பூஜ்யம் என்று எழுதி அனுப்பினாள். எண்ணிக்கை பூஜ்யம்தானே.

அவளுக்கும் நாற்பது சென்ட் உண்டு. புருஷன் இருதயம் வாங்கிப்போட்டுத் தரிசாகக் கிடந்தது. மூன்று வருடம் முன்பு கொடி நட்டு, இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. போஜராஜன் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று அதிலும் எண்ணினாள். போன வாரம் ஒன்பது இலையில் சாம்பல் இருந்தது. அன்றைக்கு இருபத்திரண்டு. போனில், மருந்து தேவையில்லை.

எல்லாம் தெரிந்த அவளுக்கே முதலில் தோன்றியது இதுதான்: வேலை அலைச்சலில் நான் கவாத்தைத் தள்ளிப்போட்டேன், என் தப்புதான். கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நிற்கிறபோதுதான் உறைத்தது.

நாவரசு மறைக்கவில்லை. “சீட்டு விழுந்த தோட்டம் பொய் சொல்லுதுன்னு பத்தே நாள்ல கண்டுபிடிச்சிடுச்சுக்கா. காத்துல பூசணம் இருக்கு, இலையில இல்லைன்னா அதுக்குத் தெரியாதா? அதுவா வேற கண்ணைத் தேடிக்கிச்சு. நேத்துதான் பார்த்தேன். உங்களைக் கூப்பிடணும்னு போனை எடுத்தேன், எடுத்தேன், வச்சிட்டேன்.”

“எல்லாரும் இப்பத் தெனமும் குறை சொல்றாகளாமே?”

“ஆமா. கூட்டத்துக்கப்புறம் ஒரு நாளைக்கு மூவாயிரம் அழைப்பு. தண்ணி வரல, நாய் குரைக்குதுன்னுகூட. தப்பிச்சுக்கணும்ல? அப்படியும் கூப்பிடாதவங்கன்னு கொஞ்சம் பேர் இருக்காங்க. அதுல நீங்க ஒருத்தர்.” அவன் குரல் தாழ்ந்தது. “ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கக்கா. எதையாவது சொல்லுங்க. உங்களை விட்டுடும்.”

“விட்டுட்டு?”

“அடுத்த ஆளுக்குப் போகும்.”

“யாரு?”

அவன் தயங்கினான். “ஆனைமலையன்பட்டி சந்தியாகு.”

சந்தியாகுவை அவளுக்குத் தெரியும். மனைவி இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறாள். அவளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிவிட்டுத்தான் அவன் தோட்டத்துக்கு வருவான். ஒரு நாள் எண்ணப் போன பிலோமினாவுக்கு, டீக்குக் கொடுக்கத் தன் கையில் காசில்லாததால், பூசணிக்காய் ஒன்றைப் பறித்துக் கொடுத்தனுப்பியவன்.

“அவுகள்லாம் எத்தன பேரு? அந்தக் கூப்புடாத ஆளுக?”

“உங்களைத் தவிர முப்பத்தாறு.”

“எழுதிக் குடுங்க தம்பி.”

எட்டு நாள் அவள் தன் தோட்டத்தில் எண்ணினாள். இருபத்திரண்டு நாற்பதாயிற்று, நாற்பது எழுபதாயிற்று. ஒன்றைக்கூட மறைக்காமல் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் காலை பள்ளத்தாக்கு முழுவதும் ஆயிரத்து நூறு போன்கள் ஒன்றாகச் சிணுங்கின. கேன்களின் மூடிகள் திறந்தன. இரண்டு நாள் நான்கு திசையிலும் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது. அவள் வெடித்த கொத்துகளை அறுத்து, உரக்குழியில் போட்டு மூடினாள். முதல் காய்ப்பு என்பதால் வாயில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பழத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். குறை சொல்லும் எண்ணை அழுத்தினாள். தோட்ட எண்ணைச் சொல்லுங்கள் என்றது ஒரு பெண்குரல். சந்தியாகுவின் எண்ணைச் சொன்னாள்.

“உங்கள் குறை என்ன?”

“பூசணிக் கொடி பந்தல்ல ஏறுது. ரொம்பத் தொந்தரவா இருக்கு.”

“பதிவு செய்யப்பட்டது.”

அடுத்த எண்ணைச் சொன்னாள். மயில் காயைக் கொத்துது. அதற்கடுத்தது, கரண்டு நிக்கல. அதற்கடுத்தது, தூண் சாஞ்சுருச்சு. பாதிக்கு மேல் சொல்வதற்குக் குறையே தோன்றவில்லை. அலுப்பா இருக்கு என்று சொல்லிப் பார்த்தாள். அதையும் பதிவு செய்துகொண்டது. இனி ஒவ்வொரு வாரமும் இப்படிக் கூப்பிட வேண்டும். சத்தம் போடாத ஆள் யாருமில்லை என்று அது நம்புகிறவரைக்கும்.

முப்பத்தாறாவது எண்ணையும் சொல்லி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

“வேறு ஏதாவது தோட்டத்தின் குறை உள்ளதா?” என்று அந்தக் குரல் கேட்டது.

நாவரசு எழுதிக் கொடுத்த தாளில் முதல் பெயர் அவளுடையதுதான். அவள் இன்னும் சொல்லாத ஒரே எண். பிலோமினா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.